இருபத்தேழு குடித்தனம்

மூன்று தட்டு, அதற்கு மேல் கிடையாது. ஆள்காட்டி விரலை மடக்கி, அடிமரத்தில் நெஞ்சு உயரத்தில் தட்டுவார். தட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, யாரோ தாழ்ப்பாளைத் திறக்கப் போகிறார்கள் என்பதுபோலத் தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்பார். செருப்பை முன்னமே கழற்றி, வேர் ஓரமாக ஜோடியாக வைத்திருப்பார்.

"வீட்ல யாராவது இருக்கீங்களா?"

மரம் பதில் சொல்லாது. அவரும் அவசரப்பட மாட்டார். ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம் காத்திருப்பார். அதன் பிறகுதான் தோளில் கயிறு ஏறும், இடுப்பில் அரிவாள் ஏறும், மோட்டார் ரம்பம் உறையிலிருந்து வெளியே வரும். மரத்துக்குச் சொந்தக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றால், "நீங்க போய் உங்க வேலையப் பாருங்க சார். வீட்ல இருக்கறவங்க டிரெஸ் மாத்திட்டு வர வேணாமா?" என்பார்.

எங்கள் பகுதியில் கிளை கழிக்கவோ மரம் சாய்க்கவோ இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊர் வைத்த பெயர் மரந்தட்டி. மரியாதை தெரிந்தவர்கள் 'யார்' சேர்த்து மரந்தட்டியார் என்பார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். ஒட்டடைக்குச்சி உடம்பு. விரல்களில் மரப்பால் கறை ஏறிக் கறுத்து, எந்த சோப்புக்கும் மசியாமல் இருக்கும். தலைமுடியில் ஏதாவது ஒரு இலை எப்போதும் இருக்கும். எடுத்துவிடப் போனால் தடுத்து, அதை எடுத்துப் பார்த்து, எந்தத் தெரு எந்த வீட்டு மரத்து இலை என்று சொல்லிவிட்டுத்தான் கீழே போடுவார்.

நான் முதலில் இவரைக் கூப்பிட்டது ஆறு வருடத்துக்கு முன்பு. எங்கள் வீட்டு முன்னால் நிற்கும் வாதாம் மரத்தின் ஒரு கிளை மின்கம்பியை உரசிக்கொண்டிருந்தது. வந்தார், செருப்பைக் கழற்றினார், தட்டினார், காத்திருந்தார். பிறகு குனிந்து, அடிமரத்தில் ஏறுகிற எறும்புச் சாரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காலி சார்," என்றார்.

"எதை வெச்சு சொல்றீங்க?"

"எறும்பு நேரா ஏறுது பாருங்க. உள்ள ஆள் இருந்தா சுத்திப் போகும். நாம கதவைத் தட்டித் தெரிஞ்சுக்கறோம். அதுக்கு வாசனை போதும்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன். இல்லாததை இருப்பதாகச் சொல்வது என்னுடைய தொழில், அதில் போட்டிக்கு இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வதில் விருப்பமில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எதிர் வீட்டு மாமரத்தில் ஆள் இருக்கிறதாம், மூலை வீட்டு நாவல் மரத்தில் குடும்பமே இருக்கிறதாம், நம் வீட்டு மரம் மட்டும் காலி என்றால், மனசு லேசாகச் சுருங்கத்தான் செய்தது. நம் மரத்துக்கு என்ன குறைச்சல்?

'பேய்' என்ற சொல்லை அவர் முன்னால் யாரும் சொல்லக் கூடாது. முகம் சுளிப்பார். "உங்களை யாராவது 'ஏ மனுஷப்பயலே'ன்னு கூப்பிட்டா நல்லா இருக்குமா? அவங்களுக்கும் காது இருக்கு. குடித்தனக்காரங்கன்னு சொல்லுங்க." அந்தக் குடித்தனக்காரர்களைப் பற்றி அவரிடம் ஒரு முழு ஜாதகமே இருக்கிறது. புளியமரத்தில் இருப்பவர்கள் தூக்கம் கெட்டவர்கள். அதனால்தான் அதனடியில் படுத்தவனுக்கும் தூக்கம் வருவதில்லை. அத்தி மரத்தில் கூட்டுக் குடும்பம். பனையில் தனிக்கட்டைகள். அத்தனை உயரம் ஏறி வர யாருக்கும் பொறுமை இல்லை என்பதால் விருந்தாளித் தொல்லை கிடையாது. மாமரத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கை நீளம். பழம் குறைந்தால் அணிலைச் சந்தேகப்படக் கூடாது. முருங்கையில் யாரும் நிரந்தரமாக இருப்பதில்லை. கிளை பட்டென்று முறியும் என்பது அவர்களுக்கும் தெரியும். லாட்ஜ் மாதிரி ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போய்விடுவார்களாம்.

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"பழக்கம்தான் சார். நீங்க பத்து வருஷம் ஒரு தெருவுல இருந்தா, எந்த வீட்ல யார் எப்படின்னு தெரியாதா?"

மரத்தில் ஆள் இருப்பதாக முடிவானால் வேலை இரண்டு நாளாகிவிடும். முதல் நாள் குடிமாற்றம். மரத்திலிருந்து இலையோடு ஒரு கொப்பை ஒடித்து, அதை நிமிர்த்தி, குடை பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வேறொரு மரத்தை நோக்கி நடப்பார். ஒரு கொப்புக்கு ஒரு குடித்தனம். கொப்பைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் தலைகீழாக வர வேண்டியிருக்கும். வழியில் வாயைத் திறக்கக் கூடாது. பேச்சுக் குரல் கேட்டால் அவர்களுக்கும் பேச ஆசை வந்து, பாதியில் இறங்கி நின்றுவிடுவார்கள். இந்த விதி ஊருக்கெல்லாம் தெரியும் என்பதுதான் வினை. அவர் கொப்போடு வருவதைப் பார்த்தால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்குத் திடீரென்று உலக விஷயங்களில் சந்தேகம் வந்துவிடும். "அண்ணே, மணி என்ன?" "அண்ணே, நாளைக்கு மழை வருமா?" "அண்ணே, அண்ணி சௌக்கியமா?" மரந்தட்டியார் புருவத்தாலேயே மணி சொல்வார், புருவத்தாலேயே மழை சொல்வார். அண்ணி சௌக்கியமா என்ற கேள்விக்கு மட்டும் புருவம் அசையாது. வேகமாக நடந்துவிடுவார்.

அண்ணி என்கிற அவருடைய மனைவி பஸ் கண்டக்டர். வெண்கலக் குரல். கழுத்தில் தொங்கும் விசிலை வேலைக்குப் போகாத நாளிலும் கழற்றுவதில்லை. கணவருடைய குடித்தனக்காரர்கள் விஷயத்தில் அவருக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை. "டிக்கெட் எடுக்காத எவனையும் நான் ஆளாவே கணக்குல சேக்கறதில்லண்ணா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

மரந்தட்டியார் இதையெல்லாம் உண்மையிலேயே நம்புகிறாரா, ஊரை நம்பவைத்துப் பிழைக்கிறாரா என்பதைக் கண்டுபிடிப்பதை ஆறு வருடமாக என் உபதொழிலாக வைத்திருக்கிறேன். வியாபாரத் தந்திரம் என்று சொல்ல முகாந்திரம் இருக்கிறது. இவரைவிடப் பெரிய ரம்பம் வைத்திருக்கும் இன்னொருவர் பக்கத்திலேயே உண்டு. ரம்பச் சத்தத்தையே பெயராக வைத்து அவரை 'டர்ர்' என்பார்கள். டர்ர் கதவு தட்டுவதில்லை, செருப்பைக் கழற்றுவதில்லை, பெரிய மரத்தையும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் மொட்டை அடித்துவிடுவார். அப்படியிருந்தும் ஊர் இவரைத்தான் கூப்பிடுகிறது. ஏனென்று கேட்டால், "எதுக்கு வம்பு?" என்கிறது. ஒருநாள் மரந்தட்டியாரையே நேரடியாகக் கேட்டுவிட்டேன்.

"நிஜத்தைச் சொல்லுங்க. உள்ள ஆள் இருக்காங்களா, இல்லையா?"

அவர் சிரிக்கவில்லை. "சார், நான் முப்பது வருஷமா யாராவது இருக்கீங்களான்னு கேட்டுட்டு வர்றேன். 'யாரும் இல்ல'ன்னு இதுவரைக்கும் ஒரு மரமும் சொன்னதில்ல."

இதற்கு மேல் இவரை எப்படி மடக்குவது?

குடிமாற்றத்தில் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்து மரத்துக்காரர்கள் எல்லோரும் சம்மதிப்பதில்லை. இடம் கிடைக்காத குடித்தனங்களை மரந்தட்டியார் தெருவில் விட்டுவிட மாட்டார். தன் வீட்டுக் கொல்லையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த மரத்துக்கும் ஒரு கதை உண்டு. அது நின்ற மனையை யாரும் வாங்க முன்வரவில்லை. மரத்தில் ஏதோ இருக்கிறது என்று பேச்சு. கடைசியில் மரந்தட்டியாரே சல்லிசாக வாங்கி வீடு கட்டினார். அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று அவர் மனைவியைக் கேட்டேன். "இவர் என்ன பண்ணார்? ஒண்ணும் பண்ணல. நாலு நாள் அந்த மரத்தடியில நின்னுட்டு, போறவங்க வர்றவங்க கிட்டல்லாம் 'கொஞ்சம் மெதுவா பேசுங்க'ன்னு சொன்னார். அவ்வளவுதான்."

பதினெட்டு வருடத்தில் அந்த ஒரு மரத்தில் இருபத்தேழு குடித்தனங்கள் சேர்ந்துவிட்டன. எல்லோரையும் பழைய விலாசத்தைச் சொல்லித்தான் குறிப்பிடுவார். பெட்ரோல் பங்க் வேம்பு, ஆஸ்பத்திரி மூலைப் பெரியவர், பள்ளிக்கூடத்துப் புளியமரத்தம்மா. இலவமரத்துப் புருஷன் பெண்டாட்டி சண்டைக்காரர்கள். இருவரையும் எதிரெதிர்க் கிளையில் வைத்தால் மரமே இலையைக் கொட்டித் தீர்த்ததாம். ஒரே கிளையில் சேர்த்து வைத்த பிறகுதான் துளிர்விட்டதாம். "என் பஸ்ஸுலயே இத்தனை பேரைத் திணிக்க மாட்டேன்" என்பது கண்டக்டரம்மாவின் நிரந்தரப் புகார்.

இந்த வருடம் மழை முடிந்ததும் அந்தத் தூங்குமூஞ்சி மரம் சாய ஆரம்பித்தது. அடிமரத்தில் ஒரு பெரிய பொந்து. உள்ளே சுரண்டினால் மாவு மாதிரி கொட்டியது. சாய்ந்தது வேறு பக்கமாக இருந்தால் பரவாயில்லை. வீட்டின் பின்னறைக் கூரைக்கு நேராகச் சாய்ந்தது. அவர்களுடைய ஒரே மகள் கைக்குழந்தையோடு வந்து ஆறு மாதம் தங்கப் போகிறாள். பின்னறையைத்தான் அவளுக்கென்று வெள்ளையடித்து வைத்திருந்தார்கள், தொட்டிலும் மாட்டியாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் வருகிறாள்.

மரத்தை வெட்டியாக வேண்டும் என்பதில் மரந்தட்டியாருக்கே சந்தேகமில்லை. பொந்துக்குள் கையை விட்டுப் பார்த்த அன்றே, "போயிடுச்சு சார், உள்ள எலும்பே இல்ல" என்று என்னிடம் சொன்னார். ஆனால் இருபத்தேழு பேருக்கும் இடம் பார்க்காமல் அரிவாள் வைக்க மாட்டேன் என்றார். கண்டக்டரம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் ஒருநாள் விசிலை ஊதிவிட்டார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உங்களுக்கு டைம். வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு டர்ர் வர்றான். சொல்லிட்டேன். என் பேத்தி தலை மேல மரம் தொங்கறதப் பாத்துட்டு நான் டிக்கெட் கிழிச்சிட்டு இருக்க முடியாது."

டர்ர் வந்தால் என்ன ஆகும் என்பது மரந்தட்டியாருக்குத் தெரியும். தட்ட மாட்டான், கேட்க மாட்டான். உள்ளே ஆள் இருக்கும்போதே ரம்பத்தை வைத்துவிடுவான்.

திங்கட்கிழமை காலையில் மரந்தட்டியார் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வீடு தேடக் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன், இதைவிட நல்ல வேடிக்கை எனக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் கிளம்பிய அரை மணியில் ஒரு விஷயம் விளங்கிவிட்டது. முப்பது வருடமாக ஒவ்வொரு வாசலிலும் நின்று குடித்தனக்காரர்களைப் பற்றி இவர் சொன்ன கதையெல்லாம் ஊர் மறக்காமல் வைத்திருக்கிறது. தான் வெட்டிய குழியில் தானே விழுந்த ஆளை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வீட்டில் பெரிய மாமரம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "எத்தனை பேரு?"

"மொத்தம் இருபத்தேழு சார். உங்க மரத்துக்கு நாலு பேரை அனுப்பறேன்."

"குழந்தைங்க?"

"இல்ல சார். எல்லாம் வயசானவங்க."

"வந்தா திரும்பக் கிளம்புவாங்களா? அதச் சொல்லுங்க முதல்ல. நீங்க குடிவெக்கறப்ப இனிக்க இனிக்கப் பேசுவீங்க. நாளைக்கு என் பையன் வீட்டை இடிச்சுக் கட்டணும்னா, இவங்களக் காலி பண்ண யார்கிட்ட போய் நிக்கறது?"

தையல்கடை அம்மாவுக்கு இளகிய மனசு. யோசித்து, ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். "பொம்பளையா இருக்கணும். ஒத்தையா இருக்கணும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வெளிய போகக் கூடாது, லேட்டா வந்து கேட்டை ஆட்டக் கூடாது."

மரந்தட்டியார் தலையைச் சொறிந்தார். "ஏழு மணிக்கு மேலதாம்மா அவங்களுக்குப் பொழுதே விடியும்."

"அப்ப வேணாம்."

பள்ளிக்கூடத்துக் காவலாளி கேட்டைத் திறக்கவே இல்லை. உள்ளிருந்தே, "இந்த வருஷம் அட்மிஷன் முடிஞ்சிருச்சுண்ணே" என்றார். ஆஸ்பத்திரியில் மேட்ரன் அம்மாள், இருக்கிற நோயாளிகளுக்கே படுக்கை இல்லை என்றார். ஒரு வீட்டில், தங்கள் மரத்தில் ஏற்கெனவே ஆள் இருப்பதாகச் சத்தியம் செய்தார்கள். போன மாதம் அதே மரத்தை 'காலி' என்று சொல்லிக் கழித்தவர் இவர்தான். எதிர்த்துப் பேசாமல் வந்துவிட்டார். "வீடு குடுக்கறவங்க எல்லாருமே இந்தப் பொய்யச் சொல்வாங்க சார். நான் கேக்காததா?"

புதன்கிழமை மத்தியானம் நடந்து நடந்து கால் ஓய்ந்து, ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்தோம். நான் சும்மா இல்லாமல், "போனாப் போகுது, விடுங்களேன். டர்ர் வெட்டட்டுமே. யார் பாக்கப் போறா?" என்றேன்.

அவர் வழக்கமாக இதற்கெல்லாம் ஒரு நக்கல் வைத்திருப்பார். அன்று இல்லை.

"வீட்டு சாமானை நடுத்தெருவுல வெச்சிட்டு நின்னிருக்கீங்களா சார்?"

இல்லை என்றேன்.

"நான் நின்னிருக்கேன். பதினோரு வீடு மாறினவன். ஒரு தடவை, நாங்க வெளிய போயிருந்தப்ப, வீட்டுக்காரர் பூட்டை உடைச்சு எல்லாத்தையும் எடுத்து ரோட்டுல வெச்சிட்டார். என் பொண்ணு அப்ப கைக்குழந்தை. அவளுக்கு ஒண்ணும் புரியல. கவுத்து வெச்ச அண்டா மேல உக்காந்து கையத் தட்டிச் சிரிச்சிட்டு இருந்தா. போறவங்க வர்றவங்க எல்லாம் எங்களச் சுத்திக்கிட்டுப் போனாங்க. யாரும் ஒண்ணும் கேக்கல." முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னார். "இவங்களை நான்தான் கூட்டிட்டு வந்தேன். பயப்படாதீங்க, நம்ம வீடுதான்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

"வாங்க, இன்னும் ரெண்டு தெரு பாக்கலாம்" என்று நானே முதலில் எழுந்தேன். இல்லாத இருபத்தேழு பேருக்காக அல்ல, அண்டா மேல் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். சட்டை இஸ்திரி கலைந்திருந்தது. வருவார் என்று எனக்குத் தெரியும். மூன்று நாளாக அவரோடு எல்லா வாசலுக்கும் போய்விட்டு, என் வாசலை மட்டும் நாசூக்காகத் தாண்டி வந்துகொண்டிருந்தேன்.

"சார், உங்க வாதாம் மரம் காலியாத்தானே இருக்கு?"

"மனைவியைக் கேக்கணும்" என்றேன். உலகத்தில் எல்லாக் கணவன்மாரும் ஒளிந்துகொள்கிற இடம் அது. என் துரதிர்ஷ்டம், ஜன்னல் திறந்திருந்தது.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பயம் அவருக்குத்தான். நேத்து ராத்திரியே ரெண்டு தடவை எந்திரிச்சு ஜன்னல்ல மரத்தைப் பாத்தார்."

"எனக்கென்ன பயம்? எனக்குத்தான் அதுல நம்பிக்கையே இல்லையே."

மரந்தட்டியார் மெதுவாகச் சொன்னார். "அதான் சார் நானும் கேக்கறேன். இருக்காங்கன்னு நம்பறவங்க எடம் தர யோசிக்கறது நியாயம். நீங்கதான் அப்படி யாருமே கிடையாதுன்னு சொல்றவராச்சே. உங்களுக்கு என்ன சார் கஷ்டம்?"

ஆறு வருடமாக நான் அவரை மடக்கப் பார்த்தேன்; அவர் ஒரே நிமிடத்தில் என்னை மடக்கி வாசலிலேயே காயப்போட்டுவிட்டார். ஊர் பூராவும் பகுத்தறிவு பேசியவன், சரி என்று ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதில் நிபந்தனை தேட ஆரம்பித்தேன்.

"சத்தம் கித்தம்..." என்றேன்.

"சுத்தமா இருக்காது சார்."

"மாடி ஜன்னல் பக்கத்துக் கிளை மட்டும் வேணாம். நான் எழுதற எடம்."

"அங்க ஆஸ்பத்திரி மூலைப் பெரியவரை வெக்கறேன். இருக்கற எடமே தெரியாது."

"துணி காயப்போடற கொடிப் பக்கம் யாரும் வரக் கூடாது" என்றாள் என் மனைவி ஜன்னலிலிருந்து.

"வரமாட்டாங்கம்மா."

"அந்தச் சண்டைக்காரங்க?"

"உங்க மரம் தட்டுத்தட்டா இருக்கு பாருங்க, மாடி வீடு மாதிரி. அவங்களுக்கு மேல் மாடி. சண்டை போட்டாலும் கீழ கேக்காது."

வீட்டுச் சொந்தக்காரனுக்கு உரிய அத்தனை நிபந்தனைகளையும் நான் ஒன்றுவிடாமல் பேசி முடித்துவிட்டேன் என்பது, அவர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. என் மனைவி அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை.

பத்து மணிக்குக் குடிமாற்றம். இருபத்தேழு கொப்புகளையும் நிமிர்த்தி நிற்க வைக்க ஒரு மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் மணல் நிரப்பியிருந்தார். கண்டக்டரம்மா அன்று லீவு. "இந்தக் கூத்தைப் பாக்க வேண்டியதும் என் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே வந்து வண்டிக்குப் பின்னால் நின்றார். மரந்தட்டியார் ஒவ்வொரு கொப்பாக ஒடித்துக் கீழே கொடுக்க, அந்த அம்மாள் வாங்கி மணலில் ஊன்றினார். நாலைந்து கொப்பு வரை முறைத்துக்கொண்டேதான் ஊன்றினார். பிறகு தொழில் புத்தி வந்துவிட்டது. "முன்னாடி போங்க, முன்னாடி போங்க. நடுவுல எடம் இருக்கு பாருங்க. பெரியவர் உக்காரட்டும்." எல்லாம் முடிந்ததும் விரலை நீட்டி எண்ணினார். "இருபத்தேழு. சரியா இருக்கு. ரைட்!" விசில் ஊதினார். மரந்தட்டியார் வாயை இறுக மூடிக்கொண்டு வண்டியை மிதித்தார்.

டீக்கடைக் கூட்டம் அன்றும் இருந்தது. "அண்ணே, மணி என்ன?" என்று ஒருவன் ஆரம்பித்தான். கண்டக்டரம்மா திரும்பி ஒரே ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு யாருக்கும் மணி தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

மூன்று தெரு தாண்டி என் வீட்டு மரத்தடியில் கொப்புகளைச் சாய்த்து வைத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் அவர் தன் மரத்துக்குத் திரும்பினார். டர்ருக்கு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. உச்சியிலிருந்து கிளை கிளையாகக் கழித்து, கயிறு கட்டி இறக்கி, கூரையில் ஒரு ஓடுகூட நகராமல் வேலை செய்தார். கடைசியில் அடிமரத்தைத் துண்டித்து, வீட்டுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்தார். தரை ஒருமுறை அதிர்ந்தது. கண்டக்டரம்மா பின்னறைக்குள் போய், தொட்டிலுக்கு மேலே கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, அந்த வாரத்தில் முதல் தடவையாகக் கணவருக்குத் தண்ணீர் சொம்பை நீட்டினார். "சாப்பிட வாங்க. எல்லாரும் நல்லபடியா போய்ச் சேந்துட்டாங்கல்ல?" என்று வேறு கேட்டார்.

அவர் சொம்பை வாங்கினார், குடிக்கவில்லை. விழுந்து கிடந்த அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொம்பைத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போய் மண்டியிட்டு, பொந்துக்குள் கையைத் தோள்பட்டை வரை நுழைத்தார். வீடு காலி செய்கிறவர்கள் கடைசியாக அலமாரி மூலையைத் துழாவுவதுபோல உள்ளே துழாவினார். சட்டென்று கை நின்றது. பிறகு மிக மெதுவாக வெளியே வந்தது, மூடிய முஷ்டியாக.

யாரிடமும் எதுவும் சொல்லாமல் கேட்டைத் திறந்துகொண்டு நடந்தார். "சோறு ஆறுது" என்று மனைவி சொன்னது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. நான் பத்தடி பின்னால் போனேன். என்னை அவர் கவனிக்கவில்லை. வலது கை மூடியபடியே நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கண்ணில் வியர்வை வழிந்தபோது இடது தோளால் துடைத்துக்கொண்டார். டீக்கடையில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போனபோது சட்டென்று நின்று, அந்த முஷ்டியை மற்றக் கையால் பொத்திக்கொண்டார். சத்தம் முழுவதும் அடங்கிய பிறகுதான் கையை எடுத்தார்.

என் வீட்டு வாசலில் யாரும் இல்லை. நான் ஒரு மின்கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை பார்த்தார். வாதாம் மரத்தில் கிளை பிரியும் முதல் கவட்டையில் கையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். என் கண்ணுக்கு அதில் எதுவும் தெரியவில்லை. திறந்த பிறகும் எடுக்காமல், அசையாமல், உள்ளங்கையை அங்கேயே வைத்திருந்தார்.